ஆசிரியை சொன்னதும் நான் சொன்னதும்

பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தியைப் பற்றி அவளுடைய ஆசிரியை பேசியதை அவளுடைய தகப்பனுக்கு நான் பொய்யாக மொழிபெயர்த்தேன். அவசரத்தில் தவறியதல்ல. சொல் தெரியாமல் தடுமாறியதும் அல்ல. ஆசிரியை சொன்னதில் பாதியை விழுங்கினேன், மீதியில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கினேன். அப்போது நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். பல ஆண்டுகளாக நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் நம்பி அழைக்கப்பட்டவன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் நிறையச் சொல்லித் தருவார்கள். எங்கே உட்கார வேண்டும், எப்படிக் குறிப்பெடுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். அறையில் இருக்கும் எல்லோரும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அடுத்து வரும் சொல் ஒருவரைக் காயப்படுத்தும் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பது அதில் வராது. அதில் நான் தோற்ற கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியின் எசன் நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆலோசனை அலுவலகத்தில் எனக்கு வேலை. யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவன் என்பதால் எல்லோரும் என்னை 'மாஸ்டர்' என்றார்கள். எங்கள் குடும்பங்களின் பிள்ளைகள் பெரிய வகுப்புகளுக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. பள்ளிக்கூடங்கள் என்னை உரையாற்ற அழைத்தன. தமிழ்ப் பிள்ளைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பது தலைப்பு. நானும் போய்ச் சொன்னேன்: எங்கள் பிள்ளைகள் அமைதியானவர்கள். பெரியவர்கள் முன் கண்ணை நிமிர்த்த மாட்டார்கள், அது மரியாதை. கல்வியே எங்கள் செல்வம். கணிதம் எங்கள் பிள்ளைகளுக்கு இயல்பாக வரும்.

ஆசிரியர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு எங்கள் பிள்ளைகளை அவர்கள் மேலாக நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அது எனக்கு இனித்தது. இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

அன்ரன் மன்னாரைச் சேர்ந்தவர். இத்தாலிய உணவகம் ஒன்றின் பின்கட்டில் பீற்சா போடுபவர். அவருடைய மூத்த மகள் ஜெனிற்றா கிம்னாசியத்தில் படித்தாள். பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடும் நாடு இது. பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போகும் வழி கிம்னாசியம், தொழிற்பயிற்சிக்குப் போகும் வழிகளில் ஒன்று றியால்சூலே. எங்கள் ஆட்களிடம் கிம்னாசியம் ஒரு பட்டம் மாதிரி. எங்கள் ஆட்கள் கூடும் ஹோலில் கலைவிழா நடக்கும்போது அறிவிப்பாளர், "அடுத்து நடனமாட வருபவர், கிம்னாசியத்தில் கல்வி பயிலும் செல்வி..." என்றுதான் பெயரை வாசிப்பார். மற்றப் பிள்ளைகளுக்கு வெறும் 'செல்வி' மட்டும். ஜெனிற்றாவின் பெயர் அப்படி நீட்டி வாசிக்கப்படும்போது அன்ரன் முன்வரிசையில் கைகட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். "மாஸ்டர், இவளின்ர டீச்சர் வந்து சந்திக்கச் சொல்லி டெர்மின் தந்திருக்கிறா. நீங்கள் ஒருக்கா வாங்கோ."

"ஜெனிற்றா நல்லா ஜேர்மன் கதைப்பாளே அன்ரன்."

"அதுதான் பிரச்சினை. டீச்சர் பத்துச் சொன்னா இவள் தனக்கு ஏத்த ரெண்டைத்தான் எனக்குச் சொல்லுவாள். நடுவில நேர்மையான ஆள் ஒண்டு இருக்கவேணும்."

போனேன். வகுப்பறையில் நான்கு கதிரைகளை வட்டமாகப் போட்டு, வகுப்பாசிரியை எங்களுக்குத் தேநீர் வைத்திருந்தார். தகப்பனுக்கும் எனக்கும் நடுவில் ஜெனிற்றா. ஆசிரியை நிதானமாக, நான் மொழிபெயர்க்க இடம்விட்டுப் பேசினார். அவர் சொன்னது இது:

"ஜெனிற்றா புத்திசாலி. ஆனால் இந்தப் பள்ளியில் அவள் மூழ்கிக்கொண்டிருக்கிறாள். கணிதத்திலும் லத்தீனிலும் அவளுக்குத் தேர்ச்சி இல்லை. கணித ஆசிரியர் அவளை உதவி வகுப்பில் சேர்க்கவில்லை. ஆசியப் பிள்ளைகளுக்குக் கணிதம் தானாக வரும், இவள் சோம்பலில் செய்யாமல் விடுகிறாள் என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு விளங்கவில்லை, கேட்கப் பயப்படுகிறாள். கோடை விடுமுறைக்குப் பிறகு றியால்சூலேக்கு மாறினால் அவளால் மூச்சுவிட முடியும். விரும்பினால் பின்னர் திரும்பி வரலாம். அவளே இதைத்தான் விரும்புகிறாள். உங்களிடம் சொல்லத் தைரியமில்லாமல் என்னைச் சொல்லச் சொன்னாள். இன்னொன்று. பிற்பகலில் நாடக மேடைக்குப் பலகை அறுத்துத் தட்டிகள் செய்யும் குழுவில் அவள் இருக்கிறாள். அவள் சிரிப்பதை நான் அங்கே மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்."

நான் சொன்னது இது:

"அன்ரன், பிள்ளை கெட்டிக்காரியாம். கணக்கிலயும் லத்தீனிலயும் கொஞ்சம் பின்னுக்கு நிக்கிறாவாம். கூடக் கவனமெடுத்தா எல்லாம் சரிவருமாம். பின்னேரத்தில ஏதோ பலகை அரியிற குழுவிலயும் நிக்கிறாவாம்."

"பலகையோ?" அன்ரன் மகளைத் திரும்பிப் பார்த்தார். "படியெண்டு அனுப்பினா மரம் அரிஞ்சுகொண்டு நிக்கிறியோ?"

ஆசிரியை என்னிடம் கேட்டார்: "அவர் என்ன சொல்கிறார்?"

"யோசித்துப் பார்ப்பதாகச் சொல்கிறார்."

ஏன் அப்படிச் செய்தேன்? பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், அன்ரனின் மனம் உடையக் கூடாது என்பது. அது காரணத்தில் ஒரு சிறு துண்டு. றியால்சூலே என்ற சொல்லை அவருக்குச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. என் வாயால் வந்த சேதியாக அது ஊரில் உலவும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும்விட, ஊர் ஊராக நான் சொல்லித் திரிந்த தமிழ்ப் பிள்ளையைப் போல இந்தப் பிள்ளை இல்லை. அவள் மீது எனக்குக் கோபம் வந்தது.

அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் பேசி முடித்ததும் ஜெனிற்றா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஏதோ பிழை நடந்துவிட்டது, மாஸ்டர் திருத்துவார் என்று காத்திருக்கும் பார்வை. நான் தேநீரை எடுத்துக் குடித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேறென்ன செய்வாள்? தகப்பனுக்கு முன்னால் மாஸ்டரைப் பொய்யர் என்று சொல்லும்படி நாங்கள் எந்தப் பிள்ளையை வளர்த்தோம்?

ஆசிரியை அந்தக் குனிந்த தலையைக் கவனித்தார். "அவள் வகுப்பிலும் இப்படித்தான் இருக்கிறாள். முன்பு பேசுவாள், இப்போது ஒரு சொல்லும் இல்லை. அவளுக்கு வீட்டில் ஏதாவது பயம் இருக்கிறதா?"

அந்தக் கேள்வியை நான் தகப்பனிடம் கேட்கவில்லை. பிள்ளையிடமும் கேட்கவில்லை. நானே பதில் சொன்னேன். "அது எங்கள் பண்பாடு. பெரியவர்கள் முன் பிள்ளைகள் பேச மாட்டார்கள். மரியாதை."

ஆசிரியையின் முகம் தெளிந்தது. "அப்படியா, எனக்குத் தெரியாமல் போயிற்று" என்று மன்னிப்புக்கூடக் கேட்டார்.

வெளியே வந்ததும் அன்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெத்தப் பெரிய உபகாரம் மாஸ்டர்."

அடுத்த கிழமையே மேடைக் குழுவிலிருந்து அவளை நிறுத்தினார். ரியூசனில் போட்டார். லத்தீனுக்கு ஒரு ஜேர்மன் மாணவன், கணிதத்துக்கு நான். ஆம், நானே. சனிக்கிழமை காலைகளில் அவள் என் வீட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவாள். "விளங்குதோ பிள்ளை?" என்பேன். "ஓம் மாஸ்டர்" என்பாள். விளங்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய ஒன்றும் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. நான் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தேன்.

வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை அவள் வரவில்லை. மத்தியானம் அன்ரன் தொலைபேசியில் கூப்பிட்டார். "பெட்டை அங்கயோ மாஸ்டர்?" இல்லை என்றதும் தொலைபேசியை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கழிந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத விருப்பமில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் கதைகளில் எல்லாமே நல்லபடி முடிந்தவை அல்ல.

மறுபடி மணி அடித்தது. "ஹம்பேர்க்கில நிக்கிறாளாம். என்ர தங்கச்சியின்ர கடையில." என்றார் அன்ரன். "நான் போறன். நீங்களும் வாங்கோ மாஸ்டர். உங்கட சொல்லெண்டாத்தான் கேப்பாள்."

றெயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். டோர்ட்மண்ட் தாண்டியதும் அன்ரன் பேசத் தொடங்கினார். "நான் அவளுக்கு அடிச்சதில்லை. தனி அறை குடுத்திருக்கிறன், நாங்கள் எல்லாரும் ஒரு அறையில படுக்கிறம். டீச்சரும் கெட்டிக்காரி எண்டுதானே சொன்னவ, நீங்களும் கேட்டனீங்கள்தானே. பேந்து அவளுக்கு என்ன குறை?"

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நிலையம் தாண்டட்டும் என்று நினைத்தேன். எத்தனை நிலையங்கள் அப்படித் தாண்டின என்று நினைவில்லை. சொல்ல வேண்டியதைப் பிந்திச் சொல்வதற்கு ஒவ்வொரு நிலையமும் ஒரு நியாயம் தந்தது. இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பிழை செய்த நேரத்தில் நான் கெட்டவனாக இருந்தது சில நிமிடங்கள்தான். அதைத் தொடர்ந்து காத்தது மாதக்கணக்கு.

அன்ரனின் தங்கையின் கடை பிரதான றெயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. அரிசி மூட்டைகள், கருவாடு, கருவேப்பிலை எல்லாம் சேர்ந்த வாசம் வாசலிலேயே வந்தது. உள்ளே ஜெனிற்றா தகரப் பேணிகளுக்கு விலைத் துண்டு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ வாங்கோ, ஒரு பெட்டையைப் பிடிக்க ரெண்டு ஆம்பிளையள்!" என்றார் தங்கை. "முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ. அடிக்கிறதெண்டா வெளியில கொண்டுபோய் அடி அண்ணை, பொலிஸ் நிலையம் கிட்டத்தான் இருக்கு."

"நான் எப்ப அடிச்சனான்?" அன்ரன் ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு மகளைப் பார்த்து, மெல்லக் கேட்டார். "ஏன் பிள்ளை? ஏலாது எண்டா ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான் அப்பா. டீச்சரைக் கொண்டு சொல்லுவிச்சனான்."

"டீச்சர் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே."

ஜெனிற்றா என் பக்கம் திரும்பினாள். கையில் இன்னும் ஒட்டாத விலைத்துண்டு. "சொன்னவ அப்பா. மாஸ்டர் மறந்திட்டாராக்கும்."

நான் என் தொழிலில் எத்தனையோ மனிதர்களைப் பார்த்துவிட்டேன். எனக்கு அவ்வளவு பெரிய கருணை காட்டியவர்கள் குறைவு. ஓம், மறந்துவிட்டேன் என்று நான் சொன்னால் போதும். அன்ரனும் நம்புவார். நான் மாஸ்டராகவே றெயில் ஏறலாம். அந்த வழியை அவளே எனக்குக் காட்டித் தந்தாள், தன்னைக் காட்டிக் கொடுத்தவனுக்கு.

"மறக்கேல்லை அன்ரன்" என்றேன். "தெரிஞ்சுதான் விட்டனான்."

பிறகு ஆசிரியை அன்று சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மூழ்குகிறாள் என்றதையும், கணித ஆசிரியர் நினைப்பதையும், றியால்சூலேயையும், அவளே கேட்டுச் சொல்வித்ததையும், மேடைக் குழுவை நிறுத்த வேண்டாம் என்று கெஞ்சியதையும். ஒன்றும் மறந்திருக்கவில்லை. வீட்டில் பயமா என்று கேட்டதற்கு நானே பதில் சொன்னதையும் சொன்னேன்.

கடைக்கு வந்த ஒரு பெண்மணி வெங்காயம் கேட்டார். தங்கை நிறுத்துக் கொடுத்து அனுப்பினார்.

"நான் மாக் குழைக்கிறவன் மாஸ்டர்" என்றார் அன்ரன். "எனக்குப் பாசை தெரியாது. அதுக்குத்தான் உங்களைக் கூட்டிக்கொண்டு போனனான்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். தங்கையிடம் திரும்பினார். "இவருக்குத் தேத்தண்ணி குடு. குடிச்சிட்டு அடுத்த றெயிலில போகட்டும். நாங்கள் நாளைக்கு வாறம்."

தனியே திரும்பினேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த பெண்மணி இருந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைய இருந்த காலத்திலிருந்தே துருக்கித் தொழிலாளர்களுக்கு மொழிபெயர்த்தவர். திங்கட்கிழமை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலும்.

"தகப்பனிடம் சொல்லிவிட்டாய். ஆசிரியையிடம்?"

"அவர் சொன்னதைத்தானே நான் மறைத்தேன். அவருக்கு நான் ஒன்றும் குறைக்கவில்லையே."

"அவர் ஒரு கேள்வி கேட்டாரே. அதற்குப் பதில் சொல்ல உன்னை யார் கேட்டது?" என்றார். "ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று கேட்ட பெண்ணுக்கு, நீ ஒரு இனத்தைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறாய். போய் அதைத் திரும்ப எடு."

போனேன். ஆசிரியை கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். நான் விழுங்கிய சொற்களைப் பற்றி அவர் அதிகம் கோபப்படவில்லை. "அன்று எனக்குக் கவலையாக இருந்தது" என்றார். "நீங்கள் பண்பாடு என்று சொன்ன பிறகு நான் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசாமல் இருந்த ஒவ்வொரு பாடத்திலும், மரியாதை என்று நினைத்துக்கொண்டு அவளைக் கடந்து போனேன்." இன்னொன்றும் சொன்னார். "கணித ஆசிரியருக்கு அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? உங்கள் உரைக்கு அவரும் வந்திருந்தார்."

ஆசிரியையைக் கொண்டே அந்தப் பள்ளியில் இன்னொரு கூட்டத்துக்கு இடம் கேட்டு வாங்கினேன். முன்பு பேசிய அதே அறையில் நின்று, நான் முன்பு சொன்னதை நம்ப வேண்டாம் என்று சொன்னேன். எங்கள் வீடுகளில் சத்தம் போடும் பிள்ளைகளும் உண்டு, கணக்கு வராத பிள்ளைகளும் உண்டு, பயந்து வாயை மூடிய பிள்ளைகளும் உண்டு என்றேன். ஒருவர் கையை உயர்த்தினார். "அப்படியானால் தமிழ்ப் பிள்ளைகள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள்?"

"நீங்கள் எந்தப் பிள்ளையைக் கேட்கிறீர்கள்?" என்றேன். சிலர் சிரித்தார்கள். கணித ஆசிரியர் சிரிக்கவில்லை. ஜெனிற்றாவை உதவி வகுப்பில் சேர்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நடந்ததை என் அலுவலகப் பொறுப்பாளரிடமும் சொன்னேன். பள்ளிக்கூட வேலைகளை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அது நியாயம்.

ஆசிரியை அன்ரனுக்குப் புதிய டெர்மின் கொடுத்தார். டோர்ட்மண்டிலிருந்து வேறொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க அலுவலகம் முன்வந்தது. அன்ரன் வேண்டாம் என்றுவிட்டார். எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு நறுக்காகச் சொன்னார்: "என்ர மகள் கதைக்கட்டும். நீங்கள் வந்து மூலைக்க இருங்கோ. அவள் பிழையாச் சொன்னா மட்டும் வாய் திறவுங்கோ."

பிள்ளையைக் கொண்டு பெற்றோருக்கு மொழிபெயர்ப்பிக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். சரியான விதி. நானும் அதை இன்றுவரை வலியுறுத்துகிறேன். ஆனால் அன்று அந்த மனிதருக்கு விதி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கவில்லை.

அதே வகுப்பறை. நான் யன்னலோரம் தள்ளி உட்கார்ந்தேன். ஆசிரியை முன்பு சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னார். ஜெனிற்றா தகப்பனுக்குச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பிறகு ஆசிரியை சற்றுத் தயங்கினார். "இதையும் சொல்லியாக வேண்டும். பெற்றோர் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய சோதனைத் தாள்கள் இரண்டில், ஜெனிற்றா தானே தகப்பனின் கையெழுத்தைப் போட்டிருக்கிறாள். அது ஏமாற்று. அவள் பயத்தில் செய்திருக்கலாம். ஆனாலும் ஏமாற்று."

ஜெனிற்றாவின் முகம் காது வரை சிவந்தது. தகப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வசனத்தில் ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. அவள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நான் வாய் திறப்பேனா என்பதும் அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

"அப்பா" என்றாள். "ரெண்டு சோதனைத்தாளில உங்கட கையெழுத்தை நானே வச்சனான். டீச்சர் கண்டுபிடிச்சிட்டா. அது ஏமாத்து எண்டு சொல்லுறா. பயத்தில செய்திருக்கலாம், ஆனாலும் ஏமாத்துத்தான் எண்டு சொல்லுறா."

அன்ரன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சரி" என்றேன். "ஒரு சொல்லும் குறையேல்லை."

அவர் தன் கைகளைப் பார்த்தார். மாவும் சூடும் பட்டு வெடித்த கைகள். பிறகு மகளிடம் கேட்டார்: "நீ உண்மையா அங்க போகத்தான் விரும்புறியோ?"

"ஓம் அப்பா."

"அப்ப போ." எழுந்து நின்றவர், கதவடியில் போய்த் திரும்பினார். "ஹோலில பேர் வாசிக்கிறவனுக்கு மட்டும் நீயே போய்ச் சொல்லு. எனக்கு ஏலாது."

வெளியே நடைக்கூடத்தில் ஜெனிற்றாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு பிள்ளையிடம் கேட்பது போலல்ல, நான் தீங்கு செய்த ஒருவரிடம் கேட்பது போல, எதற்கு என்று சொல்லிக் கேட்டேன். "சரி மாஸ்டர்" என்றாள். அது மன்னிப்பா, பழகிய மரியாதையா என்று எனக்கு இன்றும் தெரியாது. மன்னிப்புக் கேட்பது நம் கடமை. என்ன பதில் வருகிறது என்பது அவர்களுடையது.

அதன் பிறகு அன்ரன் என்னோடு பேசவில்லை. மாதா கோயிலில் பூசைக்கு வந்தால் மற்றப் பக்க வாங்கில் போய் உட்காருவார். ஜெனிற்றா றியால்சூலேயில் முதலாம் பிள்ளையாக வந்துவிடவில்லை. கணிதம் அங்கும் சுமாராகத்தான் இருந்தது. ஆனால் கேட்கத் தொடங்கினாள் என்று அந்த ஆசிரியை ஒருமுறை வழியில் கண்டபோது சொன்னார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் தளபாடங்கள் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஊர் விடுமா? "டொக்டர் வருமெண்டு பாத்தா, கதவல்லோ வருது" என்று ஒருவர் அன்ரனிடம் சொன்னாராம். "உங்கட வீட்டுக் கதவு இழுபட்டாச் சொல்லுங்கோ, அனுப்பிவிடுறன்" என்றாராம் அன்ரன். இதைக் கேட்ட அன்று நான் வெகுநாட்களுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

தொண்ணூறுகள் முடியும் தறுவாயில் ஒருநாள் தொலைபேசி அடித்தது.

"மாஸ்டர், அன்ரன் கதைக்கிறன்." இடையில் போன ஆண்டுகளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "பிள்ளையின்ர பட்டறைக்காரர் என்னை வரச்சொல்லுறார். அவளைப் பற்றித்தான் கதையாம், அவள் இல்லாமக் கதைக்கவேணுமாம். எனக்கு ஆள் வேணும். வாறீங்களோ?"

"வாறன்" என்றேன்.

பட்டறைக்காரர் பருத்த மனிதர். மீசையெல்லாம் மரத்தூள். எங்களைப் பலகை அடுக்குகளுக்கு நடுவே நிறுத்தி வைத்தே பேசினார். "கை நல்ல கை. பொறுமையும் உண்டு. பயிற்சி முடிந்த பிறகும் அவளை இங்கேயே வைத்துக்கொள்ள நினைக்கிறேன்." அதைச் சொன்னேன். அன்ரன் தலையாட்டினார்.

"ஆனால் ஒரு குறை இருக்கிறது" என்றார் பட்டறைக்காரர். "அவளுடைய வாய். வாடிக்கையாளர் அலமாரி கேட்டு வந்தால், அது உங்கள் சுவருக்குப் பொருந்தாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். என் அளவு பிழை என்று எல்லோருக்கும் முன்னால் என்னோடு வாதாடுகிறாள். பாதி நேரம் அவள் சொல்வது சரியாக இருப்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். தகப்பன் என்ற முறையில் கொஞ்சம் சொல்லி வையுங்கள்."

அன்ரன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். வாய் என்றதையும், எல்லோருக்கும் முன்னால் என்றதையும், எரிச்சல் என்றதையும் அப்படியே சொன்னேன்.

"முழுக்கச் சொல்லிப்போட்டீங்களோ மாஸ்டர்?"

"முழுக்க."

அன்ரன் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சுட்டிக்காட்டி, பட்டறைக்காரரிடம் தமிழிலேயே சொன்னார்: "எங்கட பிள்ளையள் வாயே திறவாதுகள், அதுதான் எங்கட பண்பாடு எண்டு இந்தச் சிற்றி முழுக்கச் சொல்லித் திரிஞ்சவர் இந்த மனுசன்தான்!"

பட்டறைக்காரர் என் பக்கம் திரும்பினார். "தகப்பன் என்ன சொல்கிறார்?"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் விடவில்லை.